மண்டூர்த் திரையும் ஜப்பான் வட்டமும் ஒண்டா?

கல்லடித் தங்கச்சி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லடியில சித்திரம் படிக்கிறன். ஜப்பான்ல இருக்கிற ஜென் பௌத்தக்காரங்கட ஓவியம் படிக்கக்குள்ள என்சோ எண்டு ஒண்டு வந்திச்சு, புத்தர்ட உருவமும் இல்ல ஒண்டும் இல்ல, கறுப்பு மையால ஒரே இழுவையில ஒரு வட்டம், சிலது முட்டாம இடைவெளியோட நிக்கும். சூனியத்த, அதாவது வெறுமையக் காட்டுறதெண்டு சேர் சொன்னார். உடன எனக்கு எங்கட மட்டக்களப்பு மண்டூர் முருகன் கோயில்தான் ஞாபகம் வந்திச்சு, அங்கயும் நாம காண்றது திரை மட்டும்தானே, பூசை செய்ற கப்புகனார் வாயக் கட்டிக்கிட்டு சத்தமில்லாம பூசை செய்வார், மந்திரம்கூடக் கேக்காது. அப்ப அதுவும் சூனியம்தானா? ரெண்டையும் சேத்து ஒரு படம் செய்ய ஆசையா இரிக்கி. அம்மம்மாட்ட கேட்டா திரைக்குப் பின்னால என்ன எண்டு கேக்கவே கூடாதுங்கிறா.

வெல்லாவெளி அண்ணன்:
தங்கச்சி, திரைக்குப் பின்னால சூனியம் இல்ல. எங்கட ஆக்கள் பரம்பரையாச் சொல்ற கதைப்படி சூரசம்ஹாரத்துல முருகன் விட்ட வேல்ல இருந்து வந்த ஒண்டு தில்லை மரத்துல தங்கி, அத வேடர் கண்டு கும்பிட்ட இடம்தான் தில்லை மண்டூர். கதிர்காமத்துலயும் திரையத்தான் கும்பிடுற, முருகனும் வள்ளி தெய்வானையும் மயிலோட வரைஞ்சிருக்கும், உள்ளுக்கு இரிக்கிற யந்திரத்த, அதாவது பூசைக்குக் கீறின சக்கரத்தப் பேழையில வெச்சி மூடித்தான் ஆனைமேல பெரஹரா ஊர்வலம் கொண்டு போவாங்க, ஆரும் பாக்கேலாது. அறுகோணம் அது. மேல பாக்கிற முக்கோணம் சிவம், கீழ பாக்கிறது சக்தி, ஆறு மூலைக்கும் சரவணபவ எண்ட ஆறெழுத்து. நிறைஞ்சதத்தான் மறைச்சி வெச்சிருக்காங்க. உருவமே இல்லாததத் தேடுறெண்டா சிதம்பரத்தப் பாருங்க, நடராசருக்குப் பக்கத்துல திரைய விலக்கினா பொன் வில்வ மாலை தொங்கும், அங்க சிலையும் இல்ல லிங்கமும் இல்ல, ஆகாசம்தான். என்சோவோட வெச்சிப் பேசுறெண்டா அதத்தான் பேசணும்.

அக்கரைப்பற்றுத் தம்பி:
போதிதர்மர் காஞ்சிபுரத்து ஆள்தானே, அவர் கொண்டு போனதுதான் ஜென். அப்ப எல்லாம் ஒண்டுதான், இதுல என்ன யோசினை.

ஆரையம்பதி அக்கா:
தம்பி அவசரப்படாதீங்க. போதிதர்மரப் பற்றிப் பழைய சீனக் குறிப்பு ஒண்டு அவர் பாரசீகத்துல இருந்து வந்தவர் எண்டுது, இன்னொண்டு தென்னிந்திய ராசா ஒருத்தர்ட மூணாவது மகன் எண்டுது, காஞ்சிபுரம் அதுக்கெல்லாம் பிறகு வந்த கதை. அத வெச்சி எல்லாத்தையும் ஒண்டாக்கேலாது.

தங்கச்சி, நான் கொஞ்சக் காலம் தூரிகை பழகினன். மைக்கட்டியக் கல்லுல தண்ணி விட்டுத் தேச்சி, தூரிகைய நல்லா முக்கி ஒரே மூச்சுல சுத்தி எடுக்கணும், முடியிற இடத்துல மை காஞ்சி மயிர் மயிராப் பிரிஞ்சி வெள்ளை வெள்ளையாக் கோடு விழும், கை நடுங்கினா அதுவும் அப்பிடியே கிடக்கும், மறுகா தொட்டுத் திருத்துற வேலையே இல்ல. அந்த நேரம் மனசு எப்பிடி இருந்திச்சோ அதுட தடம்தான் என்சோ. யந்திரம் அப்பிடியில்ல, அளவு பிசகக் கூடாது, கீறினவர்ட கையே அதுல தெரியக் கூடாது, சாமிய அதுல வரவழைச்சி ஆவாகனம் செஞ்சி பூசை நடந்தாத்தான் அதுக்கு உயிர். செங்காய் எண்ட ஜென் துறவி (1750–1837) வட்டத்தக் கீறிப்போட்டுப் பக்கத்துலயே இதச் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடியுங்க எண்டு எழுதினவர். யந்திரத்துக்குப் பக்கத்துல நாம அப்பிடி எழுதுவமா? அதோட ஜென்காரங்களுக்கும் சூனியம் கடைசி இல்ல, மாட்டத் தேடிப் போறவன்ட பத்துப் படம் இரிக்கி, எட்டாவதுதான் வெறும் வட்டம், பத்தாவதுல அவன் சந்தைக்குள்ள ஆக்களோட ஆக்களா வந்து நிக்கிறான். எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் அது.

கல்லடித் தங்கச்சி:
அக்கா, அண்ணன், ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப ஒரு பக்கம் திரை, மத்தப் பக்கம் வட்டம் எண்டு தனித்தனியா வெச்சிச் செய்யட்டா? கோயில்ல பிழையா நினைப்பாங்களோ?

வெல்லாவெளி அண்ணன்:
திரைய வரையுங்க, வாய்கட்டிப் பூசையயும் வரையுங்க. உள்ளுக்கு என்ன இரிக்கிண்டு மட்டும் கற்பனையில கீறிடாதீங்க. துவங்க முதல் கோயில நிர்வகிக்கிற வண்ணக்கர்ட்ட ஒருக்கா சொல்லிப்போட்டுச் செய்யுங்க, அம்மம்மாவையும் கூட்டிக்கிட்டே போங்க.