இணையப் போக்கர்: உங்கள் ஆட்டத்தை மாற்றிய எதிராளியைப் பற்றி எழுதுங்கள்

கடைசி இருக்கை:

போக்கர் கற்றுத்தரும் காணொளிகளுக்கும் புத்தகங்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் ஒருவரின் ஆட்டத்தை உண்மையில் திருத்துவது அவருக்கு எதிரே ஆடுபவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த எதிராளி உங்களை ஆட்டம் முடிந்த பிறகும் யோசிக்க வைத்தார்? அவர் என்ன செய்தார், நீங்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள்? முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

ஆறு பேர் ஆடும் டெக்சாஸ் ஹோல்டம் மேசை. இந்தப் போக்கர் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவுச் சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஒருவரிடம் உள்ள சீட்டுகளையும், ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பதையும் 'கை' என்போம். எனக்கு இடப்புறம் இருந்தவர், முதலில் பேச வேண்டிய இருக்கைகளில் சீட்டைப் பெரும்பாலும் வீசிவிடுவார். கடைசியாகப் பேசும் இருக்கையைக் குறிக்கும் பட்டன் அவரிடம் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். பாதிக்குப் பாதி கைகளில் ரெய்ஸ் வரும், அதாவது பந்தயத்தை உயர்த்துவார். அன்றைய ஆட்டம் முடிந்ததும், தளம் சேமித்து வைத்திருந்த கைப்பதிவுகளைத் திறந்து, கடைசியில் அவர் சீட்டைக் காட்ட நேர்ந்த கைகளை மட்டும் இருக்கைவாரியாகப் பிரித்தேன். முதல் இருக்கையிலிருந்து காட்டியவை பெரிய ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி. பட்டனிலிருந்து காட்டியவற்றில் ஒரே பூவில் (ஸ்பேட், கிளாவர் போன்ற ஒரே இனத்தில்) 8-7 இருந்தது, ராஜா-9 இருந்தது, சின்னஞ்சிறு ஜோடிகளும் இருந்தன.

ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் பட்டனில் இருப்பவர் கடைசியாகத்தான் முடிவெடுக்கிறார். எதிராளி பந்தயம் வைக்கிறாரா, பந்தயம் வைக்காமல் செக் சொல்கிறாரா என்று பார்த்த பிறகு தன் முறை வருகிறது. நடுத்தரமான கை என்றால் தானும் செக் சொல்லி அடுத்த சீட்டைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். இந்த ஒரு வசதி, சுமாரான கையைக்கூட ஆடத்தக்கதாக ஆக்கிவிடுகிறது. ஹோல்டமில் இரண்டு சீட்டுகள் சேரக்கூடிய வழிகள் மொத்தம் 1,326. இரண்டும் ஒரே பூவா இல்லையா என்று மட்டும் பார்த்து வகைப்படுத்தினால் 169. புதியவர்கள் இந்த 169-க்கும் ஒரே பட்டியல் போட்டு 'நல்ல கை, கெட்ட கை' என்று மனப்பாடம் செய்கிறார்கள். இருக்கைக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்பதை அந்த இடப்புறத்துக்காரர்தான் எனக்குக் காட்டினார்.

நார்வேயைச் சேர்ந்த அனெட் ஓப்ரெஸ்டாட் 2007-இல் 180 பேர் ஆடிய இணையப் போட்டி ஒன்றில், தன் சீட்டுகளை மறைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை மட்டும் எட்டிப் பார்த்து, முதலிடம் பிடித்தார். இருக்கையும் எதிராளியின் போக்கும் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை. அதே ஆண்டு, 18 வயதில், உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பிய முதன்மைப் போட்டியையும் அவர் வென்றார்.

ஈவுக் கணக்கு:

என்னை மாற்றியவர்கள் இருவர். ஒரே சூழல் இவர்கள் இருவரிடமும் அடிக்கடி அமைந்தது, கணக்கும் ஒன்றுதான். விடை மட்டும் நேர்மாறாக வந்தது.

என் கையில் ஸ்பேடில் ஜாக், 10. ஃப்ளாப்பில் ஸ்பேட் ராஜா, ஸ்பேட் 4, கிளாவர் 2. பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயம், 100 சில்லுகள். எதிராளி 50 வைக்கிறார். நானும் 50 கொடுத்தால் (இதுதான் 'கால்' செய்வது) மொத்தம் 200 ஆகும். ஆகவே நான்கில் ஒரு முறை, அதாவது 25 சதவீதம், எனக்கு வெற்றி வாய்ப்பு இருக்க வேண்டும். இன்னொரு ஸ்பேட் விழுந்தால் ஐந்து சீட்டும் ஒரே பூவாகி என் கை வலுவாகும். மீதி ஸ்பேட்கள் 9. பலரும் இந்த இடத்தில் '9 சீட்டு என்றால் 35 சதவீதம், தாராளமாகக் கால் செய்யலாம்' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த 35 டர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கான எண். சில்லுகள் முழுவதும் உள்ளே போய்விட்டால்தான் அது பொருந்தும். இங்கே நான் 50 கொடுத்து வாங்குவது ஒரே ஒரு சீட்டை. பார்க்காத 47 சீட்டில் 9, ஏறத்தாழ 19 சதவீதம். டர்னில் வராவிட்டால் அவர் மறுபடியும் விலை கேட்பார்.

19-க்கும் 25-க்கும் உள்ள இடைவெளியை எது நிரப்பும்? ஸ்பேட் விழுந்த பிறகு அவர் மேற்கொண்டு கொடுக்கப்போகும் சில்லுகள்தான். கணக்குப் போட்டால், ஸ்பேட் விழும் ஒவ்வொரு முறையும் சராசரியாக இன்னும் 61 சில்லுகளாவது அவரிடமிருந்து வந்தால் கால் செய்வது நஷ்டமில்லை.

இந்த 61 யாரிடம் கிடைக்கும் என்பதில்தான் அந்த இருவரும் பிரிகிறார்கள். முதலாமவர், மேசையில் ஒரே பூவில் மூன்று சீட்டு தெரிந்த கணமே கையை வீசுபவர். அவர் பெயருக்குப் பக்கத்தில் 'மூன்றாவது பூ வந்தால் விட்டுவிடுவார்' என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அவரிடம் இந்த 50-ஐக் கொடுப்பது வீண். இரண்டாமவரோ ராஜா ஜோடி கிடைத்துவிட்டால் மேசையில் எது விழுந்தாலும் விடமாட்டார். அவரிடம் 61 என்ன, பாட் முழுவதையும் கேட்டாலும் கிடைக்கும்.

ஈவு, அதாவது பந்தயத்தையும் வெற்றி வாய்ப்பையும் ஒப்பிடும் இந்தக் கணக்கு, தெரிந்தவர் எத்தனையோ பேர். அந்த ஈவை எதிராளியின் பழக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். தளங்கள் தருகிற குறிப்புப் பெட்டியைத் தயவுசெய்து பயன்படுத்துங்கள். 'மோசமான ஆட்டக்காரர்' என்று எழுதினால் அடுத்த முறை எதற்கும் உதவாது. அவர் எந்தச் சூழலில் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

பெரிய பிளைண்ட்:

எனக்குப் பாடம் சொன்னவர் எதற்குமே ஃபோல்டு செய்யாதவர், அதாவது கையை வீசாதவர். பாதி பாட் அளவுக்கு பிளஃப் செய்தால், அதாவது கையில் ஒன்றுமில்லாமல் பந்தயம் வைத்தால், மூன்றில் ஒரு முறை எதிராளி விட்டுக்கொடுத்தாலே போதும். முழு பாட் வைத்தால் இரண்டில் ஒரு முறை. இவர் பத்தில் ஒரு முறைகூட விடவில்லை. அவர் இருந்த மேசைகளில் பிளஃப்பை அடியோடு நிறுத்தினேன். ராஜா ஜோடியோடு ஒரு நல்ல துணைச்சீட்டு இருந்தால் மூன்று சுற்றிலும் பந்தயம் வைத்தேன். தாழ்ந்த ஜோடியோடு கடைசிவரை வந்து கொடுத்துவிட்டுப் போனார். இப்படிப்பட்டவர்களை மேசையில் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர் எப்படி விரும்புகிறாரோ அப்படி ஆடுகிறார். அவருக்கு மரியாதை கொடுங்கள்.

இன்னொன்று: கண் இமைக்கும் நேரத்தில் கால் செய்பவரிடம் பெரும்பாலும் நடுத்தரக் கையோ, பூ சேர்வதற்குக் காத்திருக்கும் கையோ இருக்கிறது. மிக வலுவான கை என்றால் ரெய்ஸ் செய்யலாமா என்று ஒரு நொடியாவது யோசித்திருப்பார்.

கடைசி இருக்கை:

பெரிய பிளைண்ட் நண்பரே, வேகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. வேகமான காலுக்கு நீங்கள் சொல்வது பொருந்துகிறது. தாமதத்துக்கு மட்டும் எந்தப் பொருளும் கொடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் நான்கு மேசையில் ஆடுபவர் உங்கள் மேசையில் தாமதிப்பது, இன்னொரு மேசையில் அவர் முடிவெடுத்துக்கொண்டிருப்பதாலாக இருக்கலாம். இணைய இணைப்பு தடுமாறியிருக்கலாம். பந்தயத்தின் அளவில் பொய் சொல்வது கடினம். நேரத்தை யார் வேண்டுமானாலும் நடிக்கலாம்.

இரவு மேசை:

நான் எழுதப்போவது எதிராளியைப் பற்றி அல்ல, என்னோடு சேர்ந்து போக்கர் படித்த ஒருவரைப் பற்றி.

நாங்கள் இருவரும் கடினமான கைகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கருத்துக் கேட்போம். அவர் அனுப்பும் கைகளில் முடிவு மட்டும் இருக்காது. முடிவெடுக்க வேண்டிய இடத்தோடு நிறுத்திவிடுவார். எதிராளி என்ன வைத்திருந்தார், பாட் யாருக்குப் போனது என்று நான் கேட்டாலும் சொல்லமாட்டார். 'நீங்கள் முடிவெடுக்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியது இவ்வளவுதான், இதை வைத்துச் சொல்லுங்கள்' என்பார். முடிவு தெரிந்துவிட்டால், வென்ற கையைச் சரியாக ஆடிய கை என்றும் தோற்ற கையைத் தவறாக ஆடிய கை என்றும் மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. முதல் சீட்டுகளிலேயே எல்லாச் சில்லுகளும் உள்ளே போய், இரண்டு ஏஸ் இரண்டு ராஜாவைச் சந்தித்தால், ஏஸ் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 82 சதவீதம். மீதி 18-இல் விழுந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

இது ஒரு கைக்கு மட்டுமான கதையும் அல்ல. ஆறு பேர் ஆடும், பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத நோ லிமிட் மேசைகளில் 100 கைக்கு ஏற்ற இறக்கம், திட்ட விலக்கக் கணக்கில், சுமார் 90 பெரிய பிளைண்ட் (சீட்டுப் போடும் முன் கட்டாயமாக வைக்கும் இரு தொகைகளில் பெரியது) என்று வைத்துக்கொள்ளலாம். 10,000 கை ஆடினால் உங்கள் சராசரியில் 100 கைக்கு 9 பிளைண்ட் வரை விலகல் வெகு இயல்பு. 100 கைக்கு 4 பிளைண்ட் வெல்லும் திறமை உண்மையிலேயே உள்ள ஒருவர், 10,000 கைகளுக்குப் பிறகு நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று! இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு 60 முதல் 80 கை போகும் என்றால் 10,000 கை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். 1,00,000 கை ஆடிய பிறகும் விலகல் 3 பிளைண்டுக்குச் சற்றே குறைவு. மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்து 'நான் தேறிவிட்டேன்', 'நான் தேறமாட்டேன்' என்று சொல்வதில் எந்தப் பொருளும் இல்லை.

அதனால்தான் காசு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன். நீங்கள் வாழும் இடத்தில் காசு வைத்து ஆடுவதைச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பயிற்சிச் சில்லுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிலும் இருக்கையையும் ஈவையும் கற்கலாம். அனுமதி இருந்தால், குறைந்தது 20 முதல் 30 முறை மேசையில் முழுதாக உட்காரப் போதுமான தொகை தனியாக இருக்க வேண்டும். வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான காசு அதில் கலக்கவே கூடாது. போட்டிகளில் ஏற்ற இறக்கம் இன்னும் கொடியது, அதற்கு இன்னும் நிறைய வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் தளம் எடுத்துக்கொள்ளும் ரேக்கையும் மறந்துவிடாதீர்கள். சின்ன மேசைகளில் அதைத் தாண்டி வெல்வதே பெரிய காரியம். இழந்ததைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கினால் அந்த நொடியே எழுந்துவிடுங்கள்.

ஈவுக் கணக்கு:

இரவு மேசை நண்பரின் முறையோடு ஒன்று சேர்க்கிறேன். சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சால்வர் மென்பொருளில் கையைப் போட்டுப் பார்ப்பதற்கு முன், உங்கள் விடையைக் காரணத்தோடு எழுதிவிடுங்கள். பிறகு ஒப்பிட்டால்தான் எங்கே வேறுபடுகிறோம் என்று தெரியும். ஆடும்போது சால்வரைத் திறப்பது தளங்களின் விதிக்கு எதிரானது, எதிராளிக்குச் செய்யும் துரோகமும்கூட.

கணினி சொல்வது சில நேரம் நம் மரபையே அசைத்துவிடுகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுனும் டுவோமாஸ் சாண்ட்ஹோமும் உருவாக்கிய புளூரிபஸ் என்ற போக்கர் ஆடும் நிரல், 2019-இல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. முதல் சுற்றில் வெறும் பிளைண்ட் அளவைக் கொடுத்து நுழைவது, சின்ன பிளைண்ட் இருக்கையைத் தவிர, நல்லதல்ல என்ற பழைய அறிவுரையை அது உறுதி செய்தது. முந்தைய சுற்றில் கால் செய்து முடித்தவர் அடுத்த சுற்றைத் தானே பந்தயத்தால் தொடங்கக் கூடாது என்ற இன்னொரு அறிவுரையை அது மதிக்கவில்லை. மனிதர்களைவிட மிக அதிகமாக அப்படித் தொடங்கியது. காரணம் கேட்காமல் பின்பற்றிய விதிகள் நம்மிடம் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று அப்போதிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய பிளைண்ட்:

இரவு மேசை நண்பரே, முடிவை மறைத்து அனுப்பும் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எந்தக் கைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவீர்கள்? பெரிய பாட்களையா?

இரவு மேசை:

பெரிய பாட் பெரும்பாலும் தானாக ஆடிக்கொள்ளும் கை. ஏஸும் ராஜாவும் மோதும்போது படிப்பதற்கு எதுவும் இல்லை. முடிவெடுக்கும் நேரத்தில் மனம் எங்கே இரண்டாகப் பிரிந்ததோ அந்தக் கையை அப்போதே குறித்து வைப்போம். பெரும்பாலும் அவை நடுத்தரப் பாட்கள்: பெரிய பிளைண்டில் இருந்து கால் செய்து, நடு ஜோடி கிடைத்து, டர்னில் இரண்டாவது பந்தயத்தைச் சந்திக்கும் இடங்கள். அவை அடிக்கடி வருகின்றன, ஆகவே அங்கே சிறிது திருந்தினாலும் பலன் சேர்ந்துகொண்டே போகும். விருப்பம் இருந்தால் இந்த வாரம் உங்கள் பெரிய பிளைண்ட் கைகளில் ஒன்றை ரிவர் சீட்டுக்கு முன்பே வெட்டி இங்கே போடுங்கள். எல்லோரும் விடை எழுதிய பிறகு மீதியைச் சொல்லுங்கள்.