வீரா காரில் கியர்பாக்ஸ் மவுண்டிங் புஷ் ஏழே மாதத்தில் கிழிந்தது ஏன்?

கேள்வி (சுங்கை சிப்புட்)

வணக்கம். எங்களிடம் இருப்பது 1996ஆம் ஆண்டின் புரோட்டோன் வீரா 1.5, மேனுவல் கியர். அப்பா வாங்கிய கார் என்பதால் விற்க யாருக்கும் மனம் வரவில்லை. சென்ற ஆண்டு, முதல் கியரில் கிளட்ச்சை விடும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'டக்' என்று இடிக்கும் சத்தம் கேட்டது. பட்டறையில் காட்டியபோது, கியர்பாக்ஸைக் காரின் உடலோடு பிணைத்துத் தாங்கும் மவுண்டிங்கின் ரப்பர் புஷ் (அதிர்வை வாங்கிக்கொள்ளும் நடு உருளை) தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிய புஷ் போட்டுத் தந்தார்கள், சத்தமும் நின்றது. ஆனால் ஏழே மாதத்தில் அதே சத்தம் திரும்பியதோடு, ஏர்கோன் ஓடும்போது சாலை விளக்கில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, ரிவர்ஸ் கியரும் சில வேளை விழ மறுக்கிறது. செம்பனை லாரிகள் குழியாக்கிவிட்ட தோட்டத்துச் செம்மண் பாதையைத் தாண்டித்தான் நான் நாள்தோறும் பெரிய சாலைக்கு வரவேண்டும். புஷ் தரமற்றதா, பொருத்திய முறை தவறா? பள்ளி விடுமுறையில் என் தம்பியின் துணையோடு நானே மாற்றலாம் என்றிருக்கிறேன்.

மறுமொழி (ஈப்போ)

தம்பி, முப்பது ஆண்டுகள் பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புஷ்ஷைக் கழற்றும் முன், அது ஏன் கிழிந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள். டைமிங் பெல்ட் பக்கமும் கியர்பாக்ஸ் பக்கமும் உள்ள மவுண்டிங்குகள் எடையைச் சுமக்கின்றன. முன்னும் பின்னும் உள்ள இரண்டு ரோல் ஸ்டாப்பர்கள் என்ஜின் சாயாமல் பிடிக்கின்றன. சக்கரங்கள் முன்னோக்கி உருளும்போது அதன் எதிர்விசையால் என்ஜின் பின்னால் சாயப் பார்க்கும், ரிவர்ஸில் முன்னால் சாயும். ரோல் ஸ்டாப்பர் செத்துப்போயிருந்தால் அந்த ஆட்டத்தையெல்லாம் கியர்பாக்ஸ் புஷ் வாங்கிக்கொள்ளும். எடை தாங்க வைத்த ரப்பர் இப்படி முறுக்கப்பட்டால் எவ்வளவு நல்ல புஷ்ஷும் நிலைக்காது.

பானட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, உங்கள் தம்பியைக் காருக்குள் உட்கார வைத்துப் பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லுங்கள். முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்ச்சைச் சிறிதளவு மட்டும் விடும்போது என்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது மிக முக்கியம்.

மறுமொழி (பாடாங் செராய்)

ஐயா சொன்னது சரி. ரப்பரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்ததால் அதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. மவுண்டிங்குகளில் பெரும்பாலும் இயற்கை ரப்பரையே பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் ஓயாமல் அசைந்தாலும் எளிதில் கிழியாத தன்மை அதற்கு உண்டு. ஆனால் எண்ணெய் அதற்குப் பகை. என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ தொடர்ந்து பட்டால் உப்பி, மிருதுவாகி, பிய்ந்துவிடும். ஆகவே கசிவு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இதே காரணத்தால், புது புஷ்ஷை உள்ளே தள்ளும்போது கிரீஸ் பூசாமல் சவர்க்கார நீரைப் பயன்படுத்துங்கள்.

பழைய புஷ்ஷைத் தீயிட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு, வேண்டாம். நடு ரப்பரை அறுத்தெடுத்தபின், வெளி வளையத்தை இரும்பறுக்கும் ரம்பத்தால் புஷ் உட்காரும் உலோகத் தாங்கியான பிராக்கெட்டைத் தொடாமல் கவனமாகக் கீறினால் அது தளர்ந்து வந்துவிடும். புதியதை ஏற்ற, பிரஸ் (அழுத்திப் பொருத்தும் இயந்திரம்) உள்ள பட்டறைக்குப் பிராக்கெட்டை மட்டும் கொண்டுபோவது நல்லது, அழுத்தம் வெளி வளையத்தின்மீது மட்டுமே விழவேண்டும். ரப்பரில் உள்ள துவாரங்கள் பழையதில் எந்தத் திசையில் இருந்தனவோ அதே திசையில் அமைய வேண்டும் என்பதால், கழற்றும் முன் பெயின்ட்டால் குறி இட்டுக்கொள்ளுங்கள். உடைத்த கார்களின் பாகங்களை விற்கும் கடையில் மவுண்டிங் வாங்காதீர்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அந்த ரப்பருக்கும் உங்கள் காரின் வயதே ஆகியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று சோதித்தோம். முதல் கியரில் என்ஜின் கண்கூடாக எழும்பிப் பின்னால் சாய்ந்தது. காருக்கு அடியில் பார்த்தபோது, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸில் நுழையும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் சீல் கசிந்து, பின் ரோல் ஸ்டாப்பர் முழுவதும் கியர் ஆயிலில் ஊறிக் கிடந்தது. விரலால் அழுத்தினால் ரப்பர் துண்டாக வந்தது. சென்ற ஆண்டு இதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. சீல், பின் ரோல் ஸ்டாப்பர், கியர்பாக்ஸ் புஷ் மூன்றையும் மாற்ற முடிவு செய்துள்ளேன்.

மறுமொழி (ஈப்போ)

நல்லது, முதலில் சீலை மாற்றுங்கள், கியர் ஆயில் அளவையும் சரிபாருங்கள். மவுண்டிங்கைக் கழற்றும்போது கியர்பாக்ஸைத் தாங்கும் ஜாக்கின்மேல் தடித்த மரக்கட்டை வைத்து, ஆயில் திருகுமேல் படாமல் முட்டுக்கொடுங்கள். அடியில் படுத்து வேலை செய்வதாக இருந்தால், காரை ஜாக் ஸ்டாண்டில் (எடையைத் தாங்கும் இரும்புக் கால்களில்) நிறுத்தாமல் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது.

பலர் தவறுவது கடைசிக் கட்டத்தில்தான். போல்ட்டுகளை எல்லாம் கோத்து, நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, ஜாக்கை எடுத்துக் காரைத் தரையில் இறக்குங்கள். என்ஜினைக் கையால் முன்னும் பின்னும் நாலைந்து முறை அசைத்து அது தன் இருப்பிடத்தில் அமர்ந்தபின், பழுதுபார்ப்பு நூலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஜாக்கில் தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுக்கேறி நிற்கும். தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டு என்றால் புதியதே போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

சனிக்கிழமை வேலை முடிந்தது. பழைய புஷ்ஷைக் கழற்றியபோது அதன் துவாரங்கள், நாங்கள் வாங்கிய புது மவுண்டிங்கின் படத்தில் காட்டிய திசைக்குக் கால் வட்டம் திரும்பியிருந்ததையும் கண்டோம். இப்போது ரிவர்ஸ் முதல் முயற்சியிலேயே விழுகிறது, ஏர்கோன் ஓடினாலும் ஸ்டீயரிங் அசையவில்லை. ஒரு வாரம் செம்மண் பாதையில் ஓட்டியபின் அடியில் மீண்டும் பார்த்தேன். சீலைச் சுற்றி உலர்ந்தே இருக்கிறது.