"திருச்சி!", "நாமக்கல்1": சி புரோகிராமில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் குறிகள், உதவி தேவை

கேள்வி:
வணக்கம். கோப்பிலிருந்து மாவட்டப் பெயர்களைப் படித்து, எல்லாவற்றையும் படித்த பிறகு அச்சிடும் சி புரோகிராம் எழுதியிருக்கிறேன். 64 பிட் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர். ஒவ்வொரு வரியிலும் வரிமுறிவை நீக்கிவிட்டு, நீளத்தை எண்ணும் ஸ்டர்லென், நினைவகத்தில் இடம் தரும் மேலாக் இரண்டையும் சேர்த்து மேலாக்(ஸ்டர்லென்(வரி + 1)) என்று இடம் வாங்கி, ஸ்டர்காப்பியால் பெயரை அங்கே நகலெடுக்கிறேன்.

மதுரை, சேலம், தஞ்சாவூர் எல்லாம் சரியாக வருகின்றன. திருச்சி மட்டும் "திருச்சி!" என்றும் நாமக்கல் "நாமக்கல்1" என்றும் வருகின்றன. கோப்பில் அந்தக் குறிகள் இல்லை. யூனிகோட் சிக்கலா? இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில்:
யூனிகோட் மேல் தவறில்லை. + 1 அடைப்புக்குறிக்குள்ளே போய்விட்டது. வரி + 1 என்றால் இரண்டாவது பைட்டிலிருந்து எண்ணச் சொல்கிறீர்கள். பெயரின் முடிவைக் காட்டும் சுழிய பைட்டுக்காக நீளத்தோடு ஒன்று கூடுவதற்குப் பதிலாக ஒன்று குறைகிறது. மேலாக்(ஸ்டர்லென்(வரி) + 1) என்று மாற்றுங்கள்.

எல்லாப் பெயருக்குமே 2 பைட் குறைவாகத்தான் கேட்கிறீர்கள். ஆனால் 64 பிட் ஜிலிப்சி (மேலாக் இருக்கும் சி நூலகம்) 24, 40, 56 என்று படிப்படியாகத்தான் இடம் தரும். மதுரை 15 பைட். 14 கேட்டு 24 கிடைத்ததால் தப்பித்தது. திருச்சியில் த, ி, ர, ு, ச, ், ச, ி என 8 குறிகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24. முடிவில் வரும் சுழியத்துக்கு இடமில்லை, அது பக்கத்தில் உள்ள அடுத்த நினைவகத் துண்டின் அளவைக் குறித்து வைக்கும் இடத்தில் விழுகிறது. அடுத்த பெயருக்கு மேலாக் அழைத்ததும் சுழியத்தின் மேலேயே அந்த அளவு எழுதப்படுகிறது. சிறிய துண்டு, அளவைக் குறிக்கும் 8 பைட்டையும் சேர்த்து, 32 பைட். கடைசி பிட் ஒரு அடையாளமாக 1 ஆக இருப்பதால் 33. ஆஸ்கியில் 33 ஆச்சரியக்குறி! 48 பைட் துண்டு என்றால் 49, அதுதான் உங்கள் '1'. நாமக்கல்லுக்கு அடுத்த வரியில் நீளமான பெயர் இருக்கிறதா பாருங்கள். அரியலூர், சிவகங்கை, தருமபுரியும் 24 பைட்தான்.

கேட்டவர்:
ஆமாம், அடுத்த வரி திருநெல்வேலி! மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. அப்புறம், இடம் கிடைக்காவிட்டால் நிறுத்தலாம் என்று இஃப் (பெயர் = மேலாக்(நீளம்) == நல்) என்று சேர்த்தேன் (நல் என்பது எதையும் சுட்டாத வெற்று முகவரி). இப்போது முதல் பெயரிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட் என்று புரோகிராம் நின்றுவிடுகிறது.

இன்னொருவர் பதில்:
= ஐ விட == முந்திக்கொள்ளும். மேலாக் தந்த முகவரி முதலில் நல்லோடு ஒப்பிடப்படுகிறது, விடை 0. அந்த 0 தான் பெயரில் போய் உட்காருகிறது. நிபந்தனையும் பொய்யாகிவிடுவதால் நேரே ஸ்டர்காப்பிக்குப் போய் விழுகிறது. இஃப் ((பெயர் = மேலாக்(நீளம்)) == நல்) என்று எழுதுங்கள். இரண்டு வரியாகப் பிரித்து எழுதுவது இன்னும் நல்லது, நான் அப்படித்தான் எழுதுகிறேன். முழு எண்ணை, முகவரி வைக்க வேண்டிய பாயிண்டரில் வைப்பதாக ஜிசிசி எச்சரித்திருக்குமே? ஜிசிசி 14இல் அது பிழையாகவே நின்றுவிடும். நினைவக மீறல்களைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு கம்பைல் செய்திருந்தால் பழைய தவறும் முதல் பெயரிலேயே பிடிபட்டிருக்கும்.

கேட்டவர்:
எச்சரிக்கை வந்திருந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டேன். சானிட்டைசரோடு ஓட்டினேன். வட்டங்களின் பெயரைப் படிக்கும் ஃபங்ஷனிலும் அதே + 1 உள்ளே இருந்தது, அதையும் வெளியே எடுத்துவிட்டேன்.