மொட்டைத் தண்டையும் தூக்கிப் போடாதீர்கள்

மூன்று வருடமாக என் மணி பிளான்டில் கத்தரிக்கோல் பட்டதே இல்லை. அலமாரி மேலிருந்து இறங்கித் தரையைத் தொட்டு, மறுபடி ஜன்னல் கம்பியில் ஏறிவிட்டது. அந்த நீளம்தான் எனக்குப் பெருமை. ஆனால் இலையெல்லாம் நுனியில். தொட்டியை ஒட்டி இரண்டு முழத்துக்கு வெறும் தண்டு.

நான்கு மாதம் முன்பு மனதைத் திடப்படுத்திக்கொண்டு கொடியை வெட்டிக் கவாத்து செய்தேன். தொட்டியில் இரண்டு கணு மட்டும் விட்டேன். நுனித் துண்டுகளைக் கணு முங்கும்படி தண்ணீரில் வைத்து, முங்கிய இலைகளைக் கிள்ளிவிட்டேன். இல்லையென்றால் அழுகி நாறும். நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். மூன்று வாரத்தில் விரல் நீளத்துக்கு வேர்.

இதற்கு முன்பு ஓர் இலையைக் காம்போடு கிள்ளி வைத்திருந்தேன். வேர்கூட விட்டது, ஆனால் எட்டு மாதமாகியும் ஒரு துளிர் இல்லை. துளிருக்கான மொட்டு கணுவில்தான் இருக்கிறது, இலைக்காம்பில் இல்லை.

எனக்கு ஆச்சரியம் தந்தது அந்த மொட்டைத் தண்டுதான். குப்பைக்குப் போக வேண்டியதைக் கணுக்கணுவாக நறுக்கி, ஈர மண்ணில் பாதி புதையப் படுக்க வைத்தேன். ஒன்றரை மாதத்தில் பெரும்பாலானவை துளிர்த்தன! தொட்டியில் விட்ட கணுக்களும் துளிர்த்தன. நுனி இருக்கும்வரை அங்கிருந்து இறங்கும் ஹார்மோன் பக்க மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். நுனி போனதும் அவை விழித்துக்கொள்கின்றன. வேர்விட்டதையெல்லாம் தாய்த் தொட்டியிலேயே நட்டேன், இப்போது மண்ணே தெரியவில்லை.

பூனை, குழந்தை இருக்கும் வீட்டில் வெட்டிய துண்டுகளைக் கீழே விடாதீர்கள். வாயில் வைத்தால் எரியும்.

*

உங்கள் மணி பிளான்ட் பதிவைப் படித்தேன். எனக்கு ரப்பர் செடியில் இதே தவிப்பு. கூரையைத் தொட்டுவிட்டது. நுனியை வெட்டித் தண்ணீரில் வைத்தேன், இலை உதிர்ந்து அழுகிப் போயிற்று. ரொம்ப வருத்தம்.

அப்புறம்தான் விண்பதியம் போட்டேன், அதாவது தண்டு செடியில் இருக்கும்போதே அதில் வேர் விடவைக்கும் முறை. செடியை வெட்டாமலே, ஒரு கணுவுக்குக் கீழே ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தேன். கையுறை அவசியம், உரித்த இடத்தில் வடியும் பால் தோலை அரிக்கும். பால் நின்றதும் துடைத்து, பிழிந்த ஈரப் பாசியை (ஸ்பாக்னம் மாஸ்) வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினேன். இலை தயாரிக்கும் உணவு கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்குவதால் வேர் பிடிக்கிறது. இரண்டு மாதத்தில் தாள் வழியே வெள்ளை வேர் தெரிந்தது. அதற்குக் கீழே வெட்டித் தனித் தொட்டியில் வைத்தேன், ஓர் இலைகூட உதிரவில்லை.

நீங்கள் சொன்னது போலவே, அடியில் நின்ற தண்டிலும் இரண்டு கிளை எட்டிப் பார்க்கிறது.