'கல்ச்சுரல் சேஃப்டி': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

கேட்பவர்: மொழிபெயர்ப்பாளர், மெல்பேர்ண்

அன்புடையீர், வணக்கம். ஆஸ்திரேலியத் தொல்குடியினரான அபொரிஜினல் மக்களின் சமூக அமைப்பொன்று நடத்தும் மழலையர் நடுவத்தில் பணிபுரியும் தமிழர்களுக்காகக் குழந்தைப் பாதுகாப்புக் கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். விக்டோரியா மாநிலத்தில் 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 11 குழந்தைப் பாதுகாப்பு நியமங்களுள் முதலாவது, அபொரிஜினல் குழந்தைகளின் அடையாளம் மதிக்கப்படும் 'கல்ச்சுரல் சேஃப்டி' உள்ள சூழலை ஒவ்வோர் அமைப்பும் உருவாக்க வேண்டும் என்கிறது. "பண்பாட்டுப் பாதுகாப்பு" என்று எழுதினேன். வரைவைப் படித்த பணியாளர் ஒருவர், "அவர்களுடைய நடனத்தையும் ஓவியத்தையும் அழியாமல் காப்பதா?" என்று கேட்டார். காக்கப்பட வேண்டியது குழந்தை. என் சொல்லிலோ அந்த இடத்தில் பண்பாடு வந்து நிற்கிறது.

தமிழாசிரியர், கோவை

ஐயா, "பண்பாட்டு ஏமம்" என்று ஆளுங்கள். நாட்டுக்கு அணியாகும் ஐந்தனுள் ஏமத்தையும் வைக்கிறது குறள் (738). அதைவிடப் பொருத்தமானது 306ஆம் குறள். அங்கே இனமே "ஏமப் புணை", அதாவது கரை சேர்க்கும் தெப்பம். சுற்றத்தாரோடு சேர்ந்திருப்பதே ஒரு குழந்தைக்குக் காவல் என்னும் கருத்துக்கு இதைவிட நெருங்கிய சொல் நம்மிடம் இல்லை. ஏமாப்பு, ஏமார்தல் என இதன் கிளைகளையும் விரித்து எழுத அணியமாக உள்ளேன்.

சமூகப் பணியாளர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிட்னியில் வாழ்பவர்

ஐயாவின் புலமைக்கு என் வணக்கம். ஆனால் காலை ஏழு மணிக்குப் பணிக்கு வரும் தங்கை "ஏமம்" என்று படித்தால், அவளுக்கு ஏமாற்றந்தான் நினைவுக்கு வரும்.

எனக்கு உறுத்துவது "பாதுகாப்பு" என்னும் சொல். 1869இல் விக்டோரியா இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே அபொரிஜினல் மக்களின் பாதுகாப்பு என்று இருந்தது. அவர்கள் எங்கே வாழலாம் என்பதையும் அவர்களுடைய பிள்ளைகள் யார் பொறுப்பில் வளர வேண்டும் என்பதையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது அந்தச் சட்டமே. நியூ சவுத் வேல்ஸில் பிள்ளைகளைப் பறித்த வாரியத்தின் பெயரும் பாதுகாப்பு வாரியம். 2008 பெப்ரவரி 13 அன்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது இந்தப் பறிப்புகளுக்காகத்தான். 2009இல் இலங்கைப் போரின் இறுதியில் "பாதுகாப்பு வலயம்" என்ற அறிவிப்பை நம்பிப் போன எங்கள் மக்களுக்கு, ஒரு சொல் இப்படித் திரிவது என்னவென்று விளக்கத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்

இருவருக்கும் நன்றி. இந்தக் கருத்து 1980களின் பிற்பகுதியில் நியூசிலாந்தின் மாவோரி செவிலியரிடையே உருவானது. அதை வளர்த்தெடுத்த இரிஹாபெட்டி ராம்ஸ்டன், ஓர் இடம் பாதுகாப்பானதா என்பதைச் சேவை பெறுபவரே சொல்ல வேண்டும் என்றார். ஆகவே சொல்லில் "உணர்வு" இடம்பெற வேண்டும் என எண்ணுகிறேன்.

நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். மாலையில் ஒரு சிறுமியை அழைத்துப்போக அவள் பெரியம்மா வந்தார். "அம்மா வரவில்லையா?" என்று நம் பணியாளர் இருமுறை கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. பல அபொரிஜினல் குடிகளில் தாயின் உடன்பிறந்தாளும் தாயே. பெரிய அம்மா, சின்ன அம்மா என்று அழைக்கும் நமக்கு இது புதிதன்று. அவருடைய பெயர் ஒப்புதல் பதிவேட்டில் இருந்தது. அதைச் சரிபார்த்துக் கையொப்பம் பெற்றாலே போதும். சரிபார்ப்பைக் கைவிடச் சொல்லவில்லை. துன்புறுத்தல் குறித்த ஐயம் எழுந்தால் முறையிடுவது பணியாளரின் சட்டக் கடமை, அதற்கு எந்த மரபும் விலக்கன்று.

சமூகப் பணியாளர்

அப்படியானால் "பண்பாட்டுக் காப்புணர்வு". பிள்ளைத்தமிழின் முதற்பருவமே காப்புத்தான், எல்லோருக்கும் விளங்கும். முதன்முறை வரும் இடத்தில், "தன் இனத்தாராகவே அஞ்சாமல் இருக்கும் நிலை" என்று விளக்கிவிடுங்கள்.

தமிழாசிரியர்

காப்பும் பாதுகாப்பும் ஒரே வேரின. நீங்கள் அஞ்சிய நிழல் அதிலும் விழுகிறது. ஏமத்தின் மேல் அந்தக் கறை இல்லை. என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்

தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ஐவர் காப்புணர்வுக்கும் இருவர் ஏமத்துக்கும் இசைந்துள்ளனர். விளக்கத்துடன் காப்புணர்வையே இன்றிரவு அனுப்புகிறேன். ஐயாவின் மறுப்பு சரியென்றே எனக்கும் படுகிறது. அச்சுக்கு முன் அந்த அமைப்பின் மூத்த பெண்மணிகளிடம் இரு சொற்களின் பொருளையும் சொல்லிக் கேட்கப்போகிறேன்.