ரோமர் 3:28-ஐயும் யாக்கோபு 2:24-ஐயும் ஒரே வேதபாடத்தில் நடத்துவது எப்படி?

வேதபாட_வகுப்பு
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூடுகையில் ‘விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல்’ பாடம், அதாவது தேவன் ஒருவனை நீதிமானாக ஏற்றுக்கொள்வது அவனுடைய கிரியைகளை (செயல்களை) வைத்தல்ல, விசுவாசத்தை வைத்தே என்பது. ஒரு மணி நேரம் கிடைக்கும். எபேசியர் 2:8-9, ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே’ என்கிற ரோமர் 3:28 வரை சிக்கலில்லை. யாராவது யாக்கோபு 2:24-ஐத் திறந்து “விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்று இருக்கிறதே” என்று கேட்டதும் வகுப்பு திசைமாறிவிடும். எந்த வரிசையில் வாசிக்க வைக்கலாம்? “அப்படியானால் நல்லவனாக வாழ்ந்து என்ன பிரயோஜனம்” என்பவர்களுக்கு என்ன சொல்வது? கத்தோலிக்க நண்பர்கள் சிலரும் வருவார்கள். அவர்கள் சபையின் போதனையைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

உபதேசியார்
வசனத்தோடு வசனத்தை மோதவிட்டால் நேரம் முழுக்க அதிலேயே போகும். ஆபிரகாமை வைத்து நடத்துங்கள். பவுலும் யாக்கோபும் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆனால் அவருடைய வெவ்வேறு வயதில்.

பலகையில் ஒரு கோடு போட்டு வயதுகளைக் குறியுங்கள். ஆரானை விட்டுப் புறப்படும்போது 75 (ஆதி. 12:4), இஸ்மவேல் பிறக்கும்போது 86 (16:16), உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் (நுனித்தோலை அகற்றுவது) 99 (17:24), ஈசாக்கு பிறக்கும்போது 100 (21:5). “அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்” என்ற 15:6 இதில் எங்கே வரும் என்று அவர்களையே கேளுங்கள். 86-க்கு முன்னால். ரோமர் 4:10-ல் பவுல் கேட்பதும் இதையேதான்: விருத்தசேதனத்துக்கு முன்னா, பின்னா? குறைந்தது 13 வருஷம் முன்னால். மோசேயின் நியாயப்பிரமாணமோ அப்போது வரவே இல்லை.

யாக்கோபு 2:21 காட்டுவது ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன ஆதியாகமம் 22. ஈசாக்கு அதற்குள் விறகைச் சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். 15:6 நடந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. யாக்கோபும் அந்த வசனத்தைத் தள்ளவில்லை. 2:23-ல் அதையே எடுத்து “நிறைவேறிற்று” என்கிறார். தேவன் ஒருவனை எதை வைத்து ஏற்றுக்கொள்கிறார் என்பது பவுலின் கேள்வி. ஏற்றுக்கொள்ளப்பட்டேன் என்கிறவனிடம் இருப்பது உயிருள்ள விசுவாசமா என்பது யாக்கோபின் கேள்வி. 2:14-ஐக் கவனியுங்கள், “விசுவாசமுண்டென்று ஒருவன் சொன்னால்” என்றுதான் தொடங்குகிறது.

“யாக்கோபு பேசுவது மனுஷருக்கு முன்பாக நீதிமானாகத் தெரிவதைப் பற்றி மட்டும்” என்று நம் பிரசங்கங்களில் சொல்வது வழக்கம். எனக்கு அது ஒட்டவில்லை. வேலைக்காரரைக் கழுதையோடே கீழே நிறுத்திவிட்டுத்தான் ஆபிரகாம் ஏறினார் (22:5). மேலே பார்த்தவர் யார்? “இப்பொழுது அறிந்திருக்கிறேன்” என்று வந்ததும் வானத்திலிருந்து வந்த சத்தம்தான்.

வகுப்பு அதிகம் சறுக்குவது வேறோர் இடத்தில். விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கிவிடுவார்கள். “கூட்டத்தில் கை உயர்த்தினேன், அன்று ஜெபித்தேன், அதனால் இரட்சிப்பு” என்பது ரோமர் 4:4 சொல்லும் அதே கூலிக் கணக்கு. சீர்திருத்த காலத்து இறையியலாளர்கள் விசுவாசத்தில் மூன்றைப் பிரித்தார்கள்: அறிவது, உண்மையென்று ஒப்புக்கொள்வது, அவரையே சார்ந்துகொள்வது. யாக்கோபு 2:19-ல் நடுங்குகிற பிசாசுகளுக்கு முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது இல்லை.

“நல்லவனாக வாழ்ந்து என்ன பிரயோஜனம்” என்ற கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள். ரோமர் 6:1-ல் பவுலே அதை எதிர்கொள்கிறார். 1563-ல் வந்த, சீர்திருத்தச் சபைகளின் உபதேச நூலான ஹைடெல்பெர்க் வினாவிடையும் 64-ம் கேள்வியாக அதை வைத்திருக்கிறது: இந்த உபதேசம் மனுஷரை அசட்டையாக்காதா? அந்த நூலில் மூன்று பாகம்: மனுஷனின் நிர்ப்பந்தம், விடுதலை, நன்றி. பத்துக் கட்டளைகளின் விளக்கம் மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. நம் சபைகளில் பொருத்தனைக் காணிக்கையும் உண்டு, ஸ்தோத்திரக் காணிக்கையும் உண்டு. வேலை கிடைத்தால் தருகிறேன் என்பது ஒன்று, கிடைத்ததற்காகத் தருவது மற்றொன்று. கிரியைகள் இரண்டாவது வகை என்றால் வாலிபர்களுக்கு உடனே பிடிபடும்.

எபேசியர் 2-ஐ ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்தாதீர்கள். பத்தாவதில்தான் நற்கிரியைகள் வருகின்றன.

மறைக்கல்வி_ஆசிரியை
கேட்டது நல்லது. “கத்தோலிக்கர் நற்செயல் செய்து மீட்பைச் சம்பாதிக்கிறார்கள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று இது குறித்து 33 விதிகள் வெளியிட்டது. கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் ஒருவர் கடவுளுக்கு ஏற்புடையவராகலாம் என்ற கருத்தைத்தான் முதல் விதியே கண்டிக்கிறது. நம்பிக்கை (விசுவாசம்) மட்டும் போதும் என்பதைக் கண்டிப்பது ஒன்பதாவது விதி.

நீங்கள் நீதிமானாக்கப்படுதல் என்பதை நாங்கள் ஏற்புடைமை என்கிறோம். உண்மையான வேறுபாடு என்னவென்றால், மார்ட்டின் லூத்தர் வழிவந்த லூத்தரன் சபைகளின் போதனையில் ஏற்புடைமை என்பது கிறிஸ்துவின் நீதியைப் பாவியின் கணக்கில் எண்ணும் தீர்ப்பு. வாழ்வு புதிதாவது அதன் விளைவு. எங்கள் போதனையில் அந்த உள் புதுப்பித்தலும் ஏற்புடைமையில் அடங்கும். அது வளரலாம், சாவான பாவத்தால் (அறிந்தே செய்யும் கனமான பாவத்தால்) இழக்கப்படலாம், பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளத்தால் திரும்பக் கிடைக்கலாம்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையின் 15-ம் பத்தியை வகுப்பில் வாசியுங்கள். நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் நம்பிக்கையில் கடவுள் நம்மை ஏற்கிறார். தூய ஆவியார் நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும், 2017-ல் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டதாக அறிக்கை சொல்லவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம்.

சுவடி_வாசகன்
உபதேசியார் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். ரோமர் 3:28-ல் இருப்பது வெறும் கிரியைகள் அல்ல, ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’. கலாத்தியர் 2:11-16-ல் அந்தியோகியாவில் வந்த சண்டை புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) பந்தியில் சாப்பிடுவதைப் பற்றி. சாக்கடல் அருகே கிடைத்த பழைய யூதச் சுவடிகளான கும்ரான் சுருள்களில், 1994-ல் முழுப் பதிப்பாக வந்த ஒரு கடிதத்திலும் இதே சொற்றொடர் தீட்டு, பலி சம்பந்தமான விதிகளுக்கு வருகிறது. விருத்தசேதனம், ஓய்வுநாள், போஜனம் என்று யூதரைப் பிரித்துக்காட்டும் அடையாளங்களையே பவுல் சொல்கிறார் என்று ஒரு தரப்பு இருக்கிறது. ஏழைக்கு உதவுவதை அவர் எங்கே எதிர்த்தார்?

உபதேசியார்
தம்பி, கலாத்தியரில் அது நன்றாகப் பொருந்தும். ஆனால் ரோமர் 4:4-5-ல் பவுல் கூலி, கடன் என்று பொதுவாகப் பேசுகிறார். தீத்து 3:5 “நாம் செய்த நீதியின் கிரியைகள்” என்றே சொல்கிறது. போஜன விதியோடு நிறுத்த முடியாது.

வேதபாட_வகுப்பு
மிக்க நன்றி. சிலுவையில் தொங்கிய கள்ளனையும் சேர்க்கலாமா?

உபதேசியார்
ஒரு மணி நேரத்தில் இடிக்கும். ரோமர் 4-க்கு 25 நிமிஷம், யாக்கோபு 2-க்கு 20, மீதி கேள்விகளுக்கு. கூடுதலாக ஒரு பகுதி வேண்டுமென்றால், ஆலயத்தில் ஜெபித்த பரிசேயனும் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்டவன்) ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) வரும் லூக்கா 18:9-14 எடுங்கள். அந்தப் பரிசேயன் கெட்டவனல்ல. நியாயப்பிரமாணம் வருஷத்தில் ஒரே ஒரு நாள், பாவநிவாரண நாளில், உபவாசம் கேட்டது. அவன் வாரத்துக்கு இரண்டு இருந்தான். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கவும் செய்தான். கிருபையினால்தான் நல்லவனானேன் என்று சொல்லிக்கொண்டே அந்த நல்லதன்மையில் சாய்ந்து நிற்க முடியும் என்பதை வாலிபர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திச் சொல்லவேண்டாம்.