புதுப்பிப்பு: குமண போய் வந்துட்டம்

மட்டக்களப்பிலிருந்து அம்மாவோட, இலங்கையின் தென்கிழக்குக் கரையில இருக்கிற குமண தேசியப் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போகலாமா, வழிகாட்டி தேவையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. இந்த ஜூன்ல போய் வந்துட்டம்.

வழிகாட்டி கட்டாயம் வேணும். பொத்துவிலில் தங்கி, விடிய வெள்ளன ஜீப்பில வெளிக்கிட்டு, பாணமை தாண்டி, ஒகந்தை முருகனைக் கும்பிட்டிட்டுத்தான் உள்ளே போனது.

குமண வில்லுதான் (சதுப்பு ஏரி) எல்லாம். 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கின இடம். கிண்ணை என்ற சதுப்புநில மரங்கள் முழுக்கக் கூடு. மஞ்சள் மூக்கு நாரையொன்று வெயிலுக்கு முதுகைக் காட்டி, சிறகைப் பாதி விரிச்சு, குஞ்சுகளுக்கு நிழல் பிடிச்சபடி அசையாம நின்றது. அம்மா பைனாகுலரை இறக்கவே இல்லை, கண் கலங்கிட்டா.

நாங்கள் சத்தமாக் கதைச்சதும் வழிகாட்டி கையமர்த்தினார். தாய்ப்பறவை பயந்து எழும்பினால் காகம் முட்டையைத் தூக்கிடுமாம். தயவுசெய்து அங்க பாட்டுப் போடாதீங்க.

கருங்கழுத்து நாரை கண்ணில் படவில்லை. வலசை வரும் வாத்துகளைப் பார்க்க ஜனவரியில் திரும்பப் போறம்.